மீன் அடியில இருக்குது

போன வாரம் நம் வகுப்புப் பெண்களின் போன் குழுவில் ஒரு பட்டியல் சுற்றியது, பார்த்திருப்பீர்கள். வீட்டைச் சுற்றுச்சூழலுக்கு ஏற்றதாக மாற்ற எளிய வழிகள். அரிசி கழுவின தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள், காய்கறித் தோலை மக்க வையுங்கள், கடைக்குப் பை எடுத்துப் போங்கள், மழைத் தண்ணீரைப் பிடித்து வையுங்கள், காலி டப்பாக்களைத் தூக்கி எறியாதீர்கள். முக்கால்வாசிப் பேர் அதற்குக் கைதட்டும் படம் போட்டிருந்தீர்கள். "இதெல்லாம் நாம அப்பவே செஞ்சவங்கப்பா" என்று ஒருத்தி எழுதியிருந்தாள். "நம்ம காலத்துல எதுலயும் விஷம் இல்ல" என்று இன்னொருத்தி.

நானும் கைதட்டத்தான் போனேன். காலி டப்பா என்கிற வரிக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய் நின்றேன். "என்னா அத்தே, மூஞ்சி வெளுத்துக் கெடக்குது?" என்று மருமகள் கேட்டாள். அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. நாற்பத்தைந்து வருடங்களாக யாருக்கும் சொன்னதில்லை. உங்களுக்குச் சொல்லலாம் என்று தோன்றியது. நீங்கள் அந்த வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள், எங்கள் அம்மா கையால் மோர் வாங்கிக் குடித்திருக்கிறீர்கள். இது நடந்த மழைக்காலத்தில் உங்களில் யாரும் வரவில்லை என்பதை மட்டும் பட்டியலைப் பார்த்த அன்று திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்துக்கொண்டேன்.

நாம் ஐந்தாவது படித்த வருடம் அது.

அப்பாவுக்கு ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் குமாஸ்தா வேலை. முதுநகரில் ஷெட்டுக்குப் பின்னால் ஓட்டு வீடுகள் ஒரே வரிசையாக இருக்குமே, அதில் கடைசிக்கு முந்தினது எங்களுடையது. தெருவுக்கு ஒரே அடிபம்பு. அந்தத் தண்ணீர் துருப்பிடித்த ஆணியை நக்கினாற்போல இருக்கும். சோறு வடித்தால் சோறே பழுப்பாகிவிடும். மழைக்காலத்தில்தான் எங்களுக்கு நல்ல தண்ணீர். ஓட்டு விளிம்பில் தகரத்தை வளைத்துக் கட்டி, கீழே அம்மாவுக்குச் சீராக வந்த பித்தளை அண்டா, தவலை, குடம் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துவிடுவோம். முதல் மழை பித்தளையில் விழுகிற சத்தம் பேச்சை அமுக்கிவிடும்.

எங்கள் அம்மா எதையும் எறிய மாட்டாள். கழுநீர் பக்கத்து வீட்டு மாட்டுக்கு. பாத்திரம் கழுவின தண்ணீர் சின்ன ஓடை வழியாக வாழைக்கு. கிழிந்த புடவை தலையணை உறையாகும், அது கிழிந்தால் பை, பை கிழிந்தால் அடுப்புத் துணி. வாழையடியில் ஒரு குப்பைக்குழி வைத்திருந்தாள். தோல், சாம்பல், முட்டை ஓடு எல்லாம் அதற்குள் போகும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மண்வெட்டியால் கிளறிவிடுவாள். இன்றைக்கு இதற்கெல்லாம் கைதட்டுகிறோம். அன்றைக்கு அது எனக்குக் கூச்சமாக இருந்தது, தெருவில் எங்களைக் கஞ்ச வீடு என்றார்கள்.

அந்தப் பேச்சைச் சத்தமாகப் பேசியவர் அத்தைதான், அப்பாவின் அக்கா. சிதம்பரத்தில் ஒரு காலேஜில் லேப் அட்டெண்டர். மாமனார் வீட்டோடு சரிப்படாமல் தனியாக இருந்தார், சொந்தச் சம்பளம், நிமிர்ந்த நடை. வந்தால் ஒரு பை நிறைய பலகாரம் கொண்டுவருவார். "குப்பையக்கூட கும்புடற வூடுடா உன் வூடு" என்று அப்பாவிடம் சிரித்துக்கொண்டே சொல்வார்.  அடுப்படியில் அம்மா பாத்திரத்தைக் கொஞ்சம் அழுத்தி வைப்பாள்.

அம்மாவின் தம்பி, மாமா, எங்கள் வீட்டோடு இருந்தார். சிதம்பரம் போகிற ரோட்டில் ஒரு மருந்துக் கம்பெனியில் சுமை இறக்குகிற வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. என்ன மருந்து என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. மருந்து என்றால் மாத்திரை என்றே நான் நினைத்திருந்தேன்.

புரட்டாசிக் கடைசியில் ஒரு சாயங்காலம் மாமா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கேரியரில் கயிறு போட்டுக் கட்டிய ஒரு டிரம். நீல நிறம். நிமிர்த்தி வைத்தபோது என் கழுத்து வரை இருந்தது. அதுவரை அவ்வளவு பெரிய பிளாஸ்டிக் சாமானை எங்கள் தெரு பார்த்ததில்லை.

"காலி டிரம்முக்கா. வெளிய சும்மா போட்டு வெச்சிருந்தாங்க. எடுத்துக்கறேன்னேன், எடுத்துக்கன்னுட்டாங்க."

"ஒடையாதா?"

"லாரி மேலேருந்து தள்ளினாலும் ஒடையாது."

அம்மா அதன் மேல் விரலை மடித்துத் தட்டிப் பார்த்தாள். பெண் பார்க்க வந்தவர்கள் சம்மதம் சொன்ன வீடு மாதிரி இருந்தது அவள் முகம்.

டிரம்மின் வயிற்றில் பாதி கிழிந்த காகிதம் ஒன்று ஒட்டியிருந்தது. சிவப்பாக ஏதோ முக்கோணம், பொடிப்பொடியாக ஆங்கில எழுத்து. மாமா அதைத் தண்ணீரில் ஊறவைத்து ஓட்டுச் சில்லால் சுரண்டி எடுத்தார். உள்ளே மூக்கை விட்டால் அழுகின பூண்டு வாசனை. "பூண்டு ஊறுகா போட்டிருப்பாங்களோ?" என்று அம்மா கேட்டு அவளே சிரித்தாள். மாமா மூன்று நாள் தேய்த்தார். சாம்பல், சீயக்காய், புளி. தோள் வரை கையை உள்ளே விட்டு, தேங்காய் நாரால், வெறுங்கையோடு. தேய்த்த தண்ணீர் வழக்கம்போல வாழைக்குப் போயிற்று. வாழையிலை ஓரமெல்லாம் கருகியது. சாம்பல் ஜாஸ்தியாகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

தெருப் பெண்கள் சும்மா இருப்பார்களா? அடுத்த இரண்டு வாரத்தில் மாமா இன்னும் நான்கு டிரம் கொண்டுவந்தார், நான்கு வீட்டுக்கு. எல்லாவற்றையும் எங்கள் பின்கட்டில் வைத்து அவர்தான் தேய்த்துக் கொடுத்தார். அம்மா முதல்முறையாகத் தெருவில் தலை நிமிர்ந்து நடந்தாள்.

ஐப்பசி மழை ஒரே ராத்திரியில் டிரம்மை நிரப்பிவிட்டது. கண்ணாடி மாதிரித் தண்ணீர், துரு இல்லை, உப்பு இல்லை. அம்மா பித்தளைப் பாத்திரங்களைத் துடைத்துப் பரணில் ஏற்றினாள். "இனிமே இதுங்களுக்குப் புளி போட்டு வெளக்கற வேல மிச்சம்."

ஒரு வாரம் கழித்து அம்மா என்னிடம் சொன்னாள்: "கொசுப்புழு வெச்சிடும்டி. வாய்க்கால்ல நாலு கெண்டக்குஞ்சு புடிச்சாந்து போடு." பின்கட்டில் கிடந்த தேங்காய்ச் சிரட்டையில்கூடப் புழு நெளிந்துகொண்டிருந்தது. டிரம்மில் மட்டும் ஒரு புழு இல்லை. எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை.

பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பாவாடை நுனியை விரித்து ஐந்து குஞ்சு பிடித்தேன். கொண்டுவரப் பாத்திரம் இல்லை. மத்தியானம் புளிச்சோறு தின்ற டப்பாவிலேயே தண்ணீர் மொண்டு மீனை விட்டேன். மேலே நல்லெண்ணெய் மிதந்தது. வீட்டுக்கு வந்து டிரம்மில் கொட்டினேன். சட்டென்று உள்ளே போயின.

மறுநாள் விடிந்ததும் துவைக்கிற கல்லில் ஏறி எட்டிப் பார்த்தேன். ஐந்தும் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. ஒன்று மட்டும் வாயைத் திறந்து திறந்து மூடியது. நான் பார்க்கும்போதே அதுவும் நின்றுவிட்டது.

என் டப்பா எண்ணெய்தான் கொன்றுவிட்டது என்று நினைத்தேன். சோற்று டப்பாவில் மீன் கொண்டுவந்தேன் என்று தெரிந்தால் அம்மா முதுகுத் தோலை உரிப்பாள். தம்ளரால் ஐந்தையும் வாரி எடுத்து, குப்பைக்குழியில் வாழைப்பழத் தோலுக்கு அடியில் தள்ளி மூடினேன். கையைத் துடைத்துக்கொண்டு வரும்போது அடுப்படியிலிருந்து அம்மா கேட்டாள்.

"மீனு எங்கடி, ஒண்ணையும் காணோம்?"

"அடியில இருக்குதும்மா."

டிரம்மின் உட்புறம் இருட்டு நீலம். அடி தெரியாது. அம்மா அதற்கு மேல் கேட்கவில்லை.

அன்றிலிருந்து நான் அந்தத் தண்ணீரைக் குடிக்கவில்லை. விஷம் என்று தெரிந்தா? இல்லை. தம்ளரை வாய்க்குக் கொண்டுபோனால் அந்த வெள்ளை வயிறு தெரியும், அவ்வளவுதான். யாரும் பார்க்காதபோது தம்ளரைச் செடியில் சாய்த்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் பம்பில் வயிறு முட்டக் குடித்துக்கொள்வேன். வீட்டில் மற்ற எல்லோரும் குடித்தார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து வயதுப் பிள்ளைக்கு அப்படி ஒரு மனசு இருக்க முடியுமா? இருந்தது.

அப்பாவுக்குத் தலைவலி வர ஆரம்பித்தது. ஷெட்டில் உரமூட்டை நாற்றம் என்றார். அம்மாவுக்கு ஊசியில் நூல் கோக்க வரவில்லை, கண் மங்கிற்று. மாமாவுக்கு மழைநாளிலும் வேர்த்துக் கொட்டியது, வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. வேலை ஜாஸ்தி என்றார்கள்.

தீபாவளிக்கு அத்தை வந்தார். ஒரு டின் நிறைய அதிரசம். கால் கழுவப் பின்கட்டுக்குப் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். டிரம் மூடியை எடுத்து முகர்ந்தார். திருப்பி வைத்து, சுரண்டின இடத்தைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"இது ஏது?"

"தம்பி கொண்டாந்தான் அண்ணி."

"எங்கேருந்து?"

"கம்பெனிலேருந்துதான்."

"இதுல இருக்கற தண்ணியவா குடிக்கறீங்க?" அத்தையின் குரல் உயர்ந்தது. "எங்க லேப்ல இந்த மாதிரி கேன் வந்தா காலியானப்புறம் நாங்க கையாலகூடத் தொட மாட்டோம். ஒடச்சிப் பொதச்சிடுவாங்க. கொட்டும்மா மொதல்ல."

அம்மா அசையவில்லை. "மூணு நாளு தேச்சிருக்கான்."

"முப்பது நாளு தேச்சாலும் போவாது. கஞ்சத்தனத்துக்கு ஒரு அளவு இல்லையா?"

அந்தச் சொல் விழுந்திருக்கக் கூடாது. 

"என் தம்பி கொண்டாந்ததுன்னா உங்களுக்கு எளக்காரம். அதுல மீனே உசுரோட இருக்குது, மனுசனுக்கு என்னா வந்திடும்? இவள வேணா கேளுங்க." என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள். "சொல்லுடி. மீனு இருக்குதா, இல்லியா?"

அத்தை என்னைப் பார்த்தார். அம்மாவின் விரல்கள் என் தோளில் அழுந்தின.

"அடியில இருக்குது அத்தே."

அத்தை அதற்கப்புறம் உட்காரவில்லை. அப்பா தெருமுனை வரைக்கும் பின்னாலேயே போய்க் கூப்பிட்டார். இலை போட்டது போட்டபடி இருக்க, சிதம்பரம் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

பிறகு பத்து நாள் மழை இல்லை. டிரம்மில் தண்ணீர் அடிக்கு வந்துவிட்டது. அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. தம்பி, நான்கு வயது, வெயிலில் விளையாடிவிட்டு வந்து தண்ணீர் கேட்டான். அம்மா டிரம்மைச் சாய்த்து, மூலையில் தங்கினதை மொண்டு, துணியில் வடிகட்டி ஒரு சொம்பு கொடுத்தாள். கொஞ்சம்கூட வீணாக்காமல் கொடுத்தாள். அவன் மூச்சு விடாமல் குடித்தான்.

ஒரு மணி நேரம் இருக்கும். வாசல்படியில் உட்கார்ந்திருந்தவன் வாயில் நுரை வழிந்தது. எச்சிலில் முட்டை விட்டு விளையாடுகிறான் என்று நினைத்து நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. கன்னத்துச் சதை தானாகத் துடித்தது. அப்படியே பக்கவாட்டில் சரிந்தான். சட்டை தண்ணீரில் நனைத்ததுபோல வேர்வை.

அப்பா தூக்கிக்கொண்டு ஓடினார். ரிக்‌ஷாவில் அம்மா மடியில் தம்பியின் தலை, என் மடியில் அவன் கால். ஆஸ்பத்திரியில் டாக்டர் அவன் இமையை விலக்கிப் பார்த்தார். நானும் பார்த்தேன். கருமணி கடுகளவுக்குச் சுருங்கிப் போயிருந்தது. மனிதக் கண் அப்படி ஆகும் என்று எனக்குத் தெரியாது.

"பூச்சி மருந்து குடிச்சிருக்கான். வீட்ல எங்க வெச்சிருந்தீங்க?"

"எங்க வூட்ல ஏதுங்க பூச்சி மருந்து?" என்றார் அப்பா.

டாக்டர் ஊசியை ஏற்றிக்கொண்டே அம்மா பக்கம் திரும்பினார். "வீட்ல ஏதாச்சும் சண்டையா? யாராச்சும் எதாச்சும் கொடுத்தாங்களா? மறைக்காதீங்க."

அம்மா சுவரில் சாய்ந்து நின்றாள். உதடு காய்ந்திருந்தது. அவள் சொன்னது என் காதில் இன்றும் அப்படியே இருக்கிறது.

"எங்க நாத்தனார் தீபாவளிக்கு அதிரசம் கொண்டாந்தாங்க. சண்ட போட்டுட்டுப் போனாங்க. அந்த அதிரசத்தத்தான் புள்ள காலையில தின்னான்."

அப்பா அம்மாவைப் பார்த்த பார்வையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. வீட்டுக்குப் போய் அதிரச டின்னை எடுத்து வந்து பெஞ்சில் வைத்தார். வழியில் ஷெட்டுக்குப் போய் ரயில்வே போனில் சிதம்பரம் ஸ்டேஷனுக்குச் சொல்லி, அத்தைக்கும் ஆள் அனுப்பச் செய்திருந்தார்.

மத்தியானம் தாண்டி அத்தை வந்து சேர்ந்தார். தலைகூட வாரியிருக்கவில்லை. பெஞ்சில் இருந்த டின்னைப் பார்த்தார்.

"இது எதுக்குடா இங்க?"

 பக்கத்தில் நின்ற நர்ஸ்தான் விவரம் தெரியாமல், "அதுலதான் விஷம்னு சொல்றாங்கம்மா, பிள்ளையோட அத்தை கொடுத்ததாம்" என்றார்.

 அத்தை டின்னைத் திறந்தார். ஒரு அதிரசத்தை எடுத்துத் தின்றார். இன்னொன்று எடுத்தார். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது, வாய் மென்றுகொண்டே இருக்கிறது. மூன்றாவதை எடுக்கும்போது அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, வேணாங்க்கா" என்று அழுதார். அப்பா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

 அத்தையின் புடவையைப் பிடித்து இழுத்தேன்.

"அத்தே. மீனு செத்துப்போச்சு. அன்னிக்கே செத்துப்போச்சு. நான் குழியில பொதச்சிட்டேன். அடியில இல்ல."

அத்தை குனிந்து என் முகத்தைப் பிடித்தார். "எத்தினி நாளுக்கு முன்னாடி?"

"தீபாவளிக்கு முன்னாடியே."

அவர் நிமிர்ந்து டாக்டர் அறைக்கு ஓடப் போனார். கீழே தரையில் உட்கார்ந்திருந்த அம்மாவின் குரல் அவரை நிறுத்தியது. குரலே இல்லை, காற்று மாதிரி வந்தது.

"எனக்குத் தெரியும்."

எல்லோரும் திரும்பினோம்.

"குழியக் கௌறினப்ப மம்முட்டியில வந்துச்சு. அஞ்சும். இவ பொய் சொல்றான்னு அப்பவே தெரியும்."

"தெரிஞ்சுமா எங்கிட்ட அப்பிடிச் சொன்ன?" என்றார் அத்தை.

"மழத்தண்ணி குளுரு, மீனுக்கு ஒத்துக்கலன்னு நெனச்சேன். நீங்க சொன்னப்ப..." அம்மா தலையைத் தூக்கி அத்தையை நேராகப் பார்த்தாள். "சொன்னது நீங்களா இருந்துச்சு அண்ணி. வேற யாரு சொல்லியிருந்தாலும் கொட்டியிருப்பேன்."

 என் பொய்யை அம்மாவிடம் மறைத்துக்கொண்டிருக்கிறேன் என்று நான் நினைத்த அத்தனை நாளும் அவள் அதைத் தெரிந்துகொண்டே, என் தோளைப் பிடித்துத் தள்ளி, அதையே சாட்சியாகச் சொல்ல வைத்திருக்கிறாள். எனக்கு அப்போது அழுகைகூட வரவில்லை.

அத்தை போய் டாக்டரிடம் டிரம்மைப் பற்றிச் சொன்னார். ஊசி அரை மணிக்கு ஒருமுறை என்று ஏறிக்கொண்டே இருந்தது. கருமணி விரிய வேண்டும், வாய் உலர வேண்டும், அதுவரை விடமாட்டேன் என்றார் டாக்டர். தம்பி பிழைத்தான். எட்டு நாள் ஆயிற்று. இப்போது பண்ருட்டியில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறான். அவனுக்கு இது எதுவுமே நினைவில்லை. ஆஸ்பத்திரியில் ஆரஞ்சுப் பழம் தின்றது மட்டும் நினைவிருக்கிறது என்பான்.

ஆனால் அன்று சாயங்காலம் அது எங்களுக்குத் தெரியாது. அப்போதுதான் மாமா ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் முடிந்து ஆஸ்பத்திரிக்கு வந்தார். விஷயத்தைக் கேட்டதும் சுவரைப் பிடித்துக்கொண்டார். அவர் கை நடுங்கியதை அப்போதுதான் எல்லோரும் பார்த்தோம்.

"தெருவுல நாலு வூட்டுக்கு குடுத்திருக்கேனே" என்றார்.

டாக்டர் அவரையும் பிடித்து ஒரு கட்டிலில் உட்கார வைத்துவிட்டார். அத்தை அம்மாவின் அருகில் போய்க் குந்தினார்.

"நான் புள்ளையப் பாத்துக்கறேன். நீ போ. நாலையும் இன்னிக்கே வாங்கிடு."

அம்மா எழுந்தாள். அதே பகலில் விஷம் வைத்தவள் என்று யாரைச் சொன்னாளோ, அவர் கையில் பிள்ளையை விட்டுவிட்டு, என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தாள்.

முதல் வீடு டீச்சரம்மா வீடு. அம்மா வாசலில் நின்று, "என் புள்ளைக்கு நானே விஷம் குடுத்துட்டேன் டீச்சர், அந்த டிரம்மக் குடுத்துடுங்க" என்றாள். டீச்சரம்மா மார்பில் சிலுவை போட்டுக்கொண்டு, கேள்வி கேட்காமல் டிரம்மைச் சாய்த்தார். தண்ணீர் சாக்கடை வழியாக வாய்க்காலுக்கு ஓடியது. நான் மீன் பிடித்த அதே வாய்க்கால். அதுவும் தப்பு என்று எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பட்டியலைப் பார்த்த அன்றுதான் எனக்கே உறைத்தது.

இரண்டாவது வீட்டில் டிரம்முக்குள் ஒரு மூட்டை அரிசி கொட்டி வைத்திருந்தார்கள். "ஒங்க தம்பிக்கு வேற எடத்துல நல்ல வெல வந்திடுச்சா?" என்று கேட்டு அந்த வீட்டு மனிதர் சிரித்தார். அம்மா என்னை முன்னால் இழுத்தாள். இந்த முறை தோளை அழுத்தவில்லை.

"சொல்லுடி."

மீன் செத்ததைச் சொன்னேன். நான் புதைத்ததைச் சொன்னேன். தம்பி கண்ணைச் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றது. ஆனாலும், "மழ வந்தா நாங்க எதுல தண்ணி புடிக்கறது?" என்று அவர் மனைவி கேட்டாள். அம்மா வீட்டுக்குப் போய்ப் பரணில் ஏறி, தவலையை இறக்கிக்கொண்டு வந்து அவர்கள் வாசலில் வைத்தாள். டிரம்மை வாங்கிக்கொண்டாள். அரிசியைத் தின்னாதீர்கள் என்று இரண்டு முறை சொன்னாள். தின்றார்களா என்று தெரியாது.

மூன்றாவது வீட்டுக்குக் குடம் போயிற்று.

நான்காவது, தெருக்கோடியில், பிரசவித்து ஒரு மாதம் ஆன பெண். அவள் புருஷன் பரங்கிப்பேட்டையில் வேலை செய்தான், வாரத்துக்கு ஒருமுறைதான் வருவான். அம்மா அண்டாவைத் தூக்க முடியாமல் உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினாள். நான் மறுபடி எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். பார்வை டிரம்மிலேயே இருந்தது. குழந்தையை அந்தத் தண்ணீரில்தான் குளிப்பாட்டியிருக்கிறாள்.

"குடுத்துடறேங்க்கா. ஆனா இத்தன கனத்த நான் எங்க தூக்கறது? பச்ச ஒடம்பு. மழயும் இல்ல, பம்புலேருந்து யாரு எனக்கு தண்ணி ரொப்பறது?"

"நான் ரொப்பறேன்" என்றாள் அம்மா.

எங்களுடையதோடு சேர்த்து ஐந்து டிரம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மாமா கடப்பாரையால் ஐந்தையும் குத்தி ஓட்டை போட்டு, கட்டை வண்டியில் ஏற்றி, கம்பெனி கேட்டுக்குள் தள்ளிவிட்டு வந்தார். வேலைக்குத் திரும்பிப் போகவில்லை. அதன் பிறகு அந்த டிரம்கள் என்ன ஆயின, யார் கைக்குப் போயின என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அத்தை வழக்கம்போலத் தீபாவளிக்கு வந்தார். கஞ்சம் என்கிற சொல்லை எங்கள் வீட்டில் அவர் மறுபடி சொல்லவில்லை. அம்மா அவரிடம் மன்னிப்புக் கேட்டாளா என்று தெரியாது. அவர் வந்தால் முதல் இலை அவருக்குத்தான் போடுவாள், அதிரசம் என்றால் மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

தம்பி வீட்டுக்கு வந்த மறுநாள் காலையிலிருந்து அம்மா அந்தத் தெருக்கோடி வீட்டுக்குத் தண்ணீர் சுமந்தாள். அடிபம்பில் அடித்து, இடுப்பில் ஒன்று தலையில் ஒன்று என்று ஆறு நடை. கால் வீங்கின நாளிலும் போனாள். அந்தக் குழந்தை தவழ்ந்தது, உட்கார்ந்தது, சுவரைப் பிடித்து நடந்தது. அதன் அம்மாவே, "போதுங்க்கா, இப்ப நான் தூக்கிக்குவேன்" என்று சொன்ன பிறகும் போனாள்.

ஒரு நாள் நானும் ஒரு சின்னக் குடத்தோடு பின்னால் போனேன். அம்மா கடைசிக் குடத்தை அண்டாவில் கவிழ்த்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, குழந்தையை வாங்கினாள். கொஞ்சுவாள் என்று நினைத்தேன். அவள் அதை வாசல் வெயிலுக்குத் தூக்கிப் போய், தாடையை மெதுவாக நிமிர்த்தி, இரண்டு கண்ணையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். குழந்தை சிரித்தது. அம்மா மூச்சை விட்டாள். பிறகு அதை அதன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு, நாளைக்கு வர்றேன் என்றாள்.